'எல்லாம் இதிலேயே அடக்கம்': கரீபியன் ரிசார்ட்டுகளுக்கு வழிபோட்ட ஜெரார் பிளிட்ஸ் யார்? அவருக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு?

கரீபியன் தீவுகளுக்குச் சுற்றுலா போகலாமா என்று யோசித்து நீங்கள் இணையத்தில் தேடினால், முதலில் கண்ணில் படுவது ஒரே மாதிரியான விளம்பரம்தான். டொமினிக்கன் குடியரசோ, ஜமைக்காவோ, எந்தத் தீவாக இருந்தாலும் சரி. ஒரு தொகை கட்டினால் போதும், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடிக்க என்ன வேண்டுமோ அது, கடற்கரையில் சாய்வு நாற்காலி, ராத்திரியில் ஆட்டம் பாட்டம் எல்லாம் அடக்கம். 'ஆல் இன்க்ளூசிவ்' என்று அதற்குப் பெயர். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அன்லிமிடெட் மீல்ஸ். டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்தா அப்புறம் பர்ஸை எடுக்க வேண்டியதே இல்லை.

இதில் பகட்டான ரிசார்ட்டுகளும் உண்டு. ஆனால் பெரும்பாலானோர் போவது சாதாரண ரகத்துக்குத்தான். போய் இறங்கியதும் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிவிடுவார்கள். ஊர் திரும்பும்வரை குளிக்கும்போதுகூட அதைக் கழற்ற முடியாது. அறை சுமாராக இருக்கும். ஏ.சி. சத்தம் போடும். சாப்பாட்டுக் கூடத்தில் நீளமாகப் பாத்திரங்களை அடுக்கி வைத்திருப்பார்கள், மூன்றாம் நாளே எதற்குப் பின்னால் எது இருக்கிறது என்று மனப்பாடம் ஆகிவிடும். பாரில் உள்ளூர் ரம்மை பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றித் தருவார்கள். சும்மா படுத்திருப்பவர்களை எழுப்பி நீச்சல் குளத்தில் உடற்பயிற்சி செய்ய வைக்க ஒரு இளைஞர் பட்டாளம் சுற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரியானால் அதே இளைஞர்கள் மேடையேறி ஆடுவார்கள்.

இந்த ஏற்பாட்டை ஏதோ ஒரு பெரிய ஹோட்டல் முதலாளி லாபக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. ராணுவம் கழித்துப்போட்ட பழைய கூடாரங்களில்தான் இது தொடங்கியது. நாஜி வதை முகாம்களிலிருந்து உயிரோடு திரும்பியவர்களைத் தேற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதரின் மனதில்தான் இந்த யோசனை முளைத்தது. அவர் பெயர் ஜெரார் பிளிட்ஸ். பிற்காலத்தில் அவர் சென்னைக்கு வந்து ஒரு வயதான ஆசிரியரின் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தார். அந்தக் கதை கடைசியில்.

வைரமும் தண்ணீரும்

பிளிட்ஸ் பிறந்தது 1912 பிப்ரவரியில், பெல்ஜியத்தின் துறைமுக நகரமான ஆண்ட்வெர்ப்பில். வைரம் பட்டை தீட்டுவதற்குப் பெயர்போன ஊர் அது. அந்தத் தொழிலில் பெரும் பங்கு யூதக் குடும்பங்களின் கையில் இருந்தது. பிளிட்ஸின் குடும்பமும் அப்படிப்பட்டதே, அவரும் வைரத் தொழில் கற்றவர்.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு உண்மையான பித்து தண்ணீர் மேல்தான். அப்பா மாரிஸ் பிளிட்ஸ் 1920, 1924 ஒலிம்பிக்குகளில் வாட்டர் போலோவில் வெள்ளி வென்ற பெல்ஜியம் அணியில் ஆடியவர். சித்தப்பா அதற்கும் மேல், வாட்டர் போலோ பதக்கங்களோடு 1920-ல் நீச்சலிலும் வெண்கலம் வாங்கினார். அந்தச் சித்தப்பாவின் பெயரும் ஜெரார் பிளிட்ஸ்தான்! இதனால் இணையத்தில் பல இடங்களில் இருவரின் வாழ்க்கையும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. ரிசார்ட் தொடங்கியவர் ஒலிம்பிக் பதக்கம் வாங்கினார் என்று எங்காவது படித்தால் நம்பிவிடாதீர்கள், அது சித்தப்பாவின் பதக்கம்.

குடும்பச் சூழல் மதப்பற்று அதிகம் இல்லாத, இடதுசாரிச் சாய்வு கொண்டது. உடல் என்பது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய ஒன்று என்று அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெயில், தண்ணீர், விளையாட்டு, கூட்டாளிகள். இந்த நான்கோடுதான் அந்தப் பையன் வளர்ந்தான்.

போருக்குப் பிறகு ஒரு மலை ஹோட்டல்

1940-ல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்தது. 1942-க்கும் 1944-க்கும் இடையில் மெகெலன் நகரின் ஒரு ராணுவக் குடியிருப்பிலிருந்து மட்டும் 25,000-க்கும் அதிகமான யூதர்களை ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் பக்கம் அனுப்பினார்கள். அதில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். ஆண்ட்வெர்ப்பின் யூத சமூகம் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது. பிளிட்ஸ் இந்தக் காலத்தில் நாஜிகளுக்கு எதிரான எதிர்ப்பு இயக்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார்.

போர் முடிந்ததும் அவருக்கு வேறு வகையான பணி வந்தது. முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் உடல் தேறுவதற்காக, பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான ஓத்-சவோய் வட்டாரத்தில் ஒரு ஹோட்டல் ஒதுக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பை பெல்ஜியம் அரசு பிளிட்ஸிடம் ஒப்படைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்கள், குடும்பத்தில் வேறு யாருமே மிஞ்சாதவர்கள். ரொட்டித் துண்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும் அளவுக்குப் பசி பழகியவர்களுக்கு என்ன வைத்தியம் செய்வது? மருந்து ஓரளவுக்குத்தான் உதவும். சாப்பாடு இருக்கிறதா, தீர்ந்துவிடுமா என்ற பயம் முதலில் போக வேண்டும். பக்கத்தில் மனிதர்கள் வேண்டும். வெயில் வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தாத, ஆனால் கூப்பிட்டால் சேர்ந்துகொள்ளக்கூடிய விளையாட்டு வேண்டும். பிளிட்ஸ் அங்கே கண்கூடாகக் கண்டது இதைத்தான்.

கரீபியன் ரிசார்ட்டில் நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு விஷயத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அள்ள அள்ளக் குறையாத பாத்திரங்கள், அந்நியர்களோடு சேர்ந்து உட்காரும் மேசை, விளையாடக் கூப்பிடும் இளைஞர்கள். நமக்கு இதெல்லாம் இன்றைக்குக் கொஞ்சம் மலிவாகத் தெரியலாம். ஆனால் ரேஷன் அட்டையோடு வாழ்ந்த ஐரோப்பாவுக்கு, அளவில்லாத ரொட்டி என்பதே ஒரு மருந்துதான்.

மயோர்காவில் கூடாரம்

பிரான்சின் கோர்சிகா தீவில் கால்வி என்ற கடலோர ஊர் இருக்கிறது. அங்கே போருக்குப் பிறகு ஒரு விளையாட்டு விடுமுறை முகாம் நடந்துவந்தது. பிளிட்ஸின் சகோதரிக்கும் அதில் பங்கு இருந்தது. அங்கு போன பிளிட்ஸ், கூடாரங்களில் தங்கி, நீந்தி, சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுச் சந்தோஷமாக இருந்த கூட்டத்தைப் பார்த்தார். மலை ஹோட்டலில் நோயாளிகளுக்குச் செய்ததை, போரில் களைத்துப்போன எல்லோருக்கும் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

1950 ஏப்ரல் 27 அன்று பாரிஸில் 'கிளப் மெடிட்டரேனே' என்ற சங்கம் பதிவானது. கவனியுங்கள், கம்பெனி கிடையாது, லாப நோக்கமில்லாத சங்கம். வருகிறவர்கள் வாடிக்கையாளர்களாக இல்லாமல் உறுப்பினர்களாக வந்தார்கள். உலகம் பின்னாளில் 'கிளப் மெட்' என்று சுருக்கிக் கூப்பிட்டது இதைத்தான்.

அதே ஆண்டு ஜூனில் ஸ்பெயினின் மயோர்கா தீவில், அல்குடியா கடற்கரையில் முதல் 'கிராமம்' திறக்கப்பட்டது. கிராமம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். அமெரிக்க ராணுவம் விட்டுப்போன கூடாரங்கள், மடக்குக் கட்டில்கள், திறந்தவெளிச் சமையல், பொதுக் குழாய். கழிப்பறை வசதியெல்லாம் கேட்கவே வேண்டாம். பயணம், தங்குமிடம், சாப்பாடு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். முதல் கோடையிலேயே 2,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்துவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு கூட்டம்? பிரான்சில் 1936-ல்தான் எல்லாத் தொழிலாளர்களுக்கும் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் வந்தது. அனுபவிக்கத் தொடங்குவதற்குள் போர் வந்துவிட்டது. போர் முடிந்தபோது மக்களிடம் விடுமுறை இருந்தது, ஹோட்டலுக்குப் போகிற அளவுக்குக் காசு இல்லை. 1956-ல் மூன்றாவது வாரமும் கிடைத்தது. ஆசிரியர்கள், செயலாளர் வேலை பார்த்த பெண்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் என்று நகரத்து நடுத்தர வர்க்கம் கிளப் மெட்டுக்குப் படையெடுத்தது. ஆலைத் தொழிலாளர்கள் அந்த அளவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'நீங்க' வேண்டாம், 'நீ' போதும்

பிளிட்ஸ் போட்ட விதிகளில் மிகவும் துணிச்சலானது எது தெரியுமா? மரியாதைப் பன்மைக்குத் தடை!

பிரெஞ்சு மொழியில் நம்மைப் போலவே 'நீ'க்கு ஒரு சொல், 'நீங்க'வுக்கு ஒரு சொல் உண்டு. அந்தக் காலத்துப் பிரான்சில் முன்பின் தெரியாதவரை 'நீ' என்று அழைத்தால் அவமதிப்பு. கிளப் மெட் கிராமத்துக்குள் நுழைந்துவிட்டால் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். வங்கி மேலாளரும் சரி, தட்டச்சு செய்யும் பெண்ணும் சரி. நம்ம ஊர் அலுவலகத்தில் மேலதிகாரியை ஒரு வாரம் 'நீ, வா, போ' என்று பேசச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த அதிர்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மேசைகள் எட்டுப் பேருக்கானவை. தம்பதியாக வந்தவர்கள் மூலையில் தனியாக ஒதுங்க வழியில்லை. காலியாக இருக்கிற இடத்தில் உட்கார வேண்டியதுதான், பந்தியில் உட்காருவது போல. வேலை செய்பவர்களுக்கு 'அன்பான அமைப்பாளர்கள்' என்றும், விருந்தினர்களுக்கு 'அன்பான உறுப்பினர்கள்' என்றும் பெயர். அமைப்பாளரும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார், பகலில் நீச்சல் சொல்லித் தருவார், இரவில் நாடகம் போடுவார். டிப்ஸ் தரக் கூடாது. அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை, டெலிபோன் இல்லை, ரேடியோ இல்லை.

பிளிட்ஸின் மனைவி க்ளோதீன் டாஹிட்டி தீவில் வாழ்ந்தவர். இடுப்பில் சுற்றும் பூப்போட்ட துணி, வருபவர்களுக்குப் போடும் மலர் மாலை, ஓலைக் குடிசை என்று பாலினேசியத் தோரணைகள் கிளப் மெட்டுக்குள் வந்தது அவர் மூலமாகத்தான். 1950-களின் நடுவில் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் கூடாரங்களுக்குப் பதிலாக ஓலைக் குடிசைகள் எழும்பின. கிரேக்கக் கடற்கரையில் டாஹிட்டிக் குடிசை! வந்து தங்கியவர்களுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை, பிடித்திருந்தது. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரைப் பார்க்காமல், நம் மனதில் இருக்கிற 'சொர்க்கத்தை'ப் போய்ப் பார்க்கிற பழக்கம் இங்கேதான் தொடங்கியது என்று தோன்றுகிறது.

நீச்சலுடையில் பர்ஸுக்கு ஏது இடம்? அதனால் பணத்துக்குப் பதில் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் மணிகள் வந்தன. பாரில் ஒரு பானத்துக்கு இத்தனை மணி என்று கழற்றிக் கொடுத்தால் போதும். இன்றைய கைப்பட்டைக்கு மூதாதை அந்த மணிமாலைதான். ஒரு வேறுபாடு உண்டு. சாப்பாட்டோடு வரும் ஒயின் இலவசம், பாரில் குடிப்பதற்குத் தனியாகக் காசு. கிளப் மெட்டில் இது நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது.

கணக்குப் புத்தகம் வந்த கதை

சங்கம் வளர்ந்தது, கூடவே கடனும் வளர்ந்தது. பிளிட்ஸுக்கு மனிதர்களைப் புரிந்த அளவுக்குக் கணக்குப் புரியவில்லை.

முதல் கூடாரங்களை விற்றது பாரிஸில் முகாம் சாமான்கள் செய்துவந்த ஒரு யூதக் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜில்பேர் த்ரிகானோ. 1920-ல் பிறந்தவர், போர்க்காலத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர், கம்யூனிஸ்ட் பத்திரிகைகளில் எழுதியவர். சரக்கு கொடுத்தவர், பாக்கி வசூலிக்க வேண்டியவர், 1954-ல் பிளிட்ஸோடு சேர்ந்தே விட்டார். முன்னாள் கம்யூனிஸ்ட்டுக்குத்தான் அந்த இருவரில் வியாபார மூளை இருந்தது என்பது வேடிக்கை.

1956-ல் சுவிட்சர்லாந்தின் லெய்சான் ஊரில் பனிச்சறுக்குக் கிராமம் தொடங்கினார்கள். அதன் பிறகும் பணமுடை தீரவில்லை. 1961-ல் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த எட்மண்ட் த ரோத்ஷீல்ட் பெரிய அளவில் முதலீடு செய்து காப்பாற்றினார். 1963-ல் தலைமை த்ரிகானோ கைக்குப் போனது. 1966-ல் கிளப் மெட் பாரிஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. லாப நோக்கமில்லாத சங்கமாகப் பதிவாகி அப்போது 16 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பிளிட்ஸ் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவில்லை, மெல்ல விலகிப்போனார். கூடாரங்கள் இருந்த இடத்தில் கான்கிரீட் வந்தது, பொதுக் குழாய் இருந்த இடத்தில் தனிக் குளியலறை வந்தது. வந்தவர்கள் கேட்டதும் அதைத்தான். இதில் த்ரிகானோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் கிளப் மெட் 1960-களைத் தாண்டியிருக்காது.

கரீபியனில் எழுந்த வேலி

1960-களின் இறுதியில் கிளப் மெட் அட்லாண்டிக்கைத் தாண்டியது. குவாதலூப், மார்த்தினிக் இரண்டும் கரீபியன் தீவுகள் என்றாலும் 1946 முதல் பிரான்சின் மாவட்டங்கள். அதே பணம், அதே மொழி, அதே சட்டம். அங்கே கிராமங்கள் எழுந்தன, அமெரிக்கர்களும் வரத் தொடங்கினார்கள். பின்னர் டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவுக்கும் போனார்கள். அன்று ஆளரவம் குறைந்த கடற்கரை, இன்று ரிசார்ட் வரிசை.

போட்டி ஜமைக்காவிலிருந்து வந்தது. ஜான் இஸ்ஸா 1976-ல் நெக்ரில் கடற்கரையில் கிளப் மெட் பாணியில் ஒன்றைத் திறந்தார். 1978-ல் தம்பதிகளுக்கு மட்டும் என்று 'கப்பிள்ஸ்' ரிசார்ட் வந்தது. 1981-ல் புட்ச் ஸ்டூவர்ட்டின் 'சாண்டல்ஸ்' வந்தது. இவர்கள் மணிமாலையைத் தூக்கி எறிந்துவிட்டு, பாரையும் கட்டணத்துக்குள் அடக்கினார்கள். நீங்கள் இன்று புக் செய்கிற திட்டம் இந்த ஜமைக்கா வடிவம்தான்.

ஜமைக்காவில் இது வேர்விட இன்னொரு காரணமும் உண்டு. 1970-களில் அங்கே அரசியல் வன்முறை தலைவிரித்தாடியது. தேர்தல் ஆண்டான 1980-ல் மட்டும் 800-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகள் பயந்தார்கள். வெளியே போகவே தேவையில்லை, எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்பது அப்போது பெரிய விற்பனைச் சொல்லாக மாறியது. பிளிட்ஸ் மனிதர்களை ஒன்றாக உட்கார வைக்கப் போட்ட ஏற்பாடு, மனிதர்களைப் பிரித்து வைக்கும் மதில் சுவராக மாறியது இங்கேதான்.

அதன் விளைவு தீவுக்காரர்களுக்குத் தெரியும். காசு முன்கூட்டியே வெளிநாட்டில் கட்டப்பட்டுவிடுகிறது. வாசலுக்கு வெளியே மீன் வறுத்து விற்கும் அம்மாவிடம் யார் வாங்குவார்கள், உள்ளே சும்மா கிடைக்கும்போது? டாக்ஸிக்காரருக்கு விமான நிலைய சவாரிகூட இல்லை, ரிசார்ட் பஸ் வந்துவிடும். உள்ளே வேலை கிடைப்பது உண்மைதான், பல குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில்தான் வாழ்கின்றன. கூடவே கடற்கரையும் கையை விட்டுப் போகிறது. ஜமைக்காவில் 1956-ம் ஆண்டுச் சட்டப்படி அலையடிக்கும் கரை அரசுடைமை, பொதுமக்களுக்கு அங்கே போய்க் குளிப்பதற்குப் பொதுவான உரிமை கிடையாது. மெரினாவில் மணலில் போய் உட்கார யாரிடமும் அனுமதி கேட்காத நமக்கு இது விநோதமாகப் படும்.

குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் ரிசார்ட்டுக்குள்ளேயே இருந்துவிடும் தமிழர்கள் இன்னொன்றையும் இழப்பார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய பிரான்ஸ் அரசு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனது. 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். பேச்சுத் தமிழ் அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் மறைந்துவிட்டது. மாரியம்மன் மறையவில்லை. குவாதலூப்பின் காப்ஸ்டேர் பக்கம் சாங்கி என்ற இடத்தில் சாலையோரமாகவே கோபுரத்தோடு கோயில் இருக்கிறது. இரண்டு தீவுகளிலும் 'கொலம்போ' என்ற மசாலாக் கறி இல்லாத விருந்து இல்லை. அந்தப் பெயர் நம் 'குழம்பு'தான் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ரிசார்ட்டின் பாத்திர வரிசையில் அதைப் பார்த்தால் ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில் ஒரு பாய்

சரி, பிளிட்ஸ் எங்கே போனார்?

விடுமுறைக் கிராமங்களை நடத்திக்கொண்டிருந்த காலத்திலேயே அவருக்கு யோகாவில் நாட்டம் வந்துவிட்டது. 1960-களில் அவர் சென்னைக்கு வந்தார். தேடி வந்தது திருமலை கிருஷ்ணமாச்சாரியாரை. 1888-ல் பிறந்தவர், மைசூர் அரண்மனையில் யோகா கற்பித்தவர், 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்குக் குடிவந்தவர். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோய்ஸ் என்று இன்று உலகம் கொண்டாடும் யோகா ஆசிரியர்களுக்கெல்லாம் குரு. அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். நல்ல வேலை கையில் இருந்தும் அதை விட்டுவிட்டு அப்பாவிடம் மாணவராக உட்கார்ந்துவிட்டார். ஒரு வெளிநாட்டுப் பெண் காரில் வந்து இறங்கி, பல நாள் கழித்துத் தனக்குத் தூக்கம் வந்ததென்று அந்த ஆசாரமான முதியவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னதை வாசலில் இருந்து பார்த்ததுதான் தன்னை மாற்றியது என்று தேசிகாச்சார் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தத் தேசிகாச்சாரின் ஆரம்பகால வெளிநாட்டு மாணவர்களில் ஒருவர் பிளிட்ஸ். மாணவரைவிட ஆசிரியர் 26 வயது இளையவர்! பல ஆண்டுகள் அவரிடம் தொடர்ந்து படித்தார். யோக சூத்திரத்தை வரி வரியாகக் கேட்டார். அங்கே கற்பித்த முறை அவர் வாழ்நாளெல்லாம் செய்ததற்கு நேர் எதிரானது. கிளப் மெட்டில் ஆயிரம் பேருக்கு ஒரே பந்தி, ஒரே மணி, ஒரே ஆட்டம். சென்னையில் ஒரு ஆசிரியர், ஒரு மாணவர். அவருடைய வயது என்ன, முதுகு எப்படி இருக்கிறது, என்ன கவலையோடு வந்திருக்கிறார் என்று பார்த்து, அவருக்கென்று மட்டும் பயிற்சி வகுப்பார்கள். மலை ஹோட்டலில் முகாமிலிருந்து திரும்பியவர்களோடு பிளிட்ஸ் செய்த வேலைக்கு இது மிகவும் பக்கத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

அவர் சும்மா கற்றுக்கொண்டு போய்விடவில்லை. தேசிகாச்சாரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனவர்களில் முக்கியமானவர் பிளிட்ஸ். 1970-களில் பல நாட்டு யோகா அமைப்புகளை ஒன்றாக்கிய ஐரோப்பிய யோகா ஒன்றியத்தை முன்னின்று நடத்தினார். சுவிட்சர்லாந்தின் சினால் என்ற மலைக் கிராமத்தில் அந்த ஒன்றியத்தின் ஆண்டு மாநாடுகள் நடந்தன, தேசிகாச்சார் அங்கே வந்து பேசினார், கற்பித்தார். வேறுவேறு பரம்பரையைச் சேர்ந்த, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத ஆசிரியர்களை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் கிடையாது. எட்டுப் பேர் மேசையைக் கண்டுபிடித்த மனிதருக்கு அது கைவந்த கலையாக இருந்திருக்க வேண்டும். சென்னையில் 1976-ல் தேசிகாச்சார் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தைத் தொடங்கினார். அங்கே படிக்க ஐரோப்பியர்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்ததற்குப் பின்னால் பிளிட்ஸ் போட்ட பாதையும் உண்டு.

இதற்கிடையே பிரான்சில் அவர் உருவாக்கிய கிளப் கேலிப்பொருளாகவும் ஆகியிருந்தது. 1978-ல் வெளிவந்த 'லே ப்ரோன்ஸே' என்ற நகைச்சுவைப் படம் விடுமுறைக் கிராமத்தின் கட்டாயக் கும்மாளத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. படம் சக்கைப்போடு போட்டது, கிளப் மெட்டுக்கு வருகிறவர்கள் குறையவும் இல்லை.

கிருஷ்ணமாச்சாரியார் 1989 பிப்ரவரியில் நூறு வயதில் சென்னையில் காலமானார். ஓராண்டு கழித்து, 1990 மார்ச்சில் பிளிட்ஸ் இறந்தார். வயது 78. அந்த ஏப்ரலில் அவருடைய சங்கத்துக்கு 40 வயது நிறைந்தது. த்ரிகானோ 2001-ல் மறைந்தார், தேசிகாச்சார் 2016-ல். 2015-ல் கிளப் மெட்டை சீனாவின் ஃபோசுன் குழுமம் வாங்கியது. இப்போது கிளப் மெட் விற்பது பெரும்பாலும் வசதியானவர்களுக்கான விடுமுறை, பாரும் கட்டணத்துக்குள் வந்துவிட்டது. அல்குடியாவின் கூடாரத்துக்கு நெருக்கமான ஒன்றைத் தேடினால், நீங்கள் போக வேண்டியது அந்த ஏ.சி. சத்தம் போடும் சாதாரண ரிசார்ட்டுக்குத்தான். சாப்பாட்டுக் கூடத்தில் இடமில்லாமல் யாராவது உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுங்கள்.